பிக்கப்பை இறக்கினால் தூக்கிப்போடுமா? சஸ்பென்ஷன் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிக்கப் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி, சீசனில் கூழ் தொழிற்சாலைகளுக்கு மாங்காய், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு மூட்டை முடிச்சு, எல்லாம் அதில்தான். இந்த வண்டியைக் கொஞ்சம் கீழே இறக்கலாமா என்ற கேள்வி இரண்டு தரப்பிலிருந்து வருகிறது. இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இளைஞர்கள் ஒரு தரப்பு. அவர்களுக்கு அழகு முக்கியம். நாள் முழுக்க தக்காளிக் கிரேட் (பெட்டி) தூக்கி ஏற்றுகிறவர்கள் இன்னொரு தரப்பு. தளம் நாலு விரற்கடை தாழ்ந்தாலும் இடுப்புக்கு நிம்மதி என்பது அவர்கள் கணக்கு.

பட்டறைகளில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டி விட்டா இறங்கிடும்ணா" என்பது ஒன்று. "இறக்கினா முதுகு போயிடும் தம்பி, கம்பெனி கொடுத்ததுல கை வைக்காத" என்பது மற்றது. இரண்டுமே பாதி உண்மைதான். உயரம் குறைந்ததற்காக எந்த வண்டியும் தூக்கிப்போடுவதில்லை. உயரம் குறையும்போது கூடவே வேறொன்று குறைகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் கை வைப்பதால்தான் தூக்கிப்போடுகிறது.

## கயிற்றுக் கட்டிலில் இருந்து தொடங்குவோம்

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தொய்கிறது. தொய்ந்தாலும் கீழே நிறைய இடம் இருப்பதால் சுகமாக இருக்கிறது. இப்போது கட்டில் கால்களைப் பாதிக்கு அறுத்துவிடுங்கள். கயிறு அதேதான், அதன் இறுக்கமும் அதேதான். மெல்ல உட்கார்ந்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு பையன் ஓடிவந்து தொப்பென்று குதித்தால்தான் தெரியும். கயிறு தொய்ந்து அவன் இடுப்பு தரையில் மோதும். கட்டில் கெட்டியாகிவிட்டது என்று அவன் நினைப்பான். கட்டில் ஒன்றும் கெட்டியாகவில்லை, தரைதான் பக்கத்தில் வந்துவிட்டது.

சரி, மோதாமல் இருக்க என்ன செய்யலாம்? கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டலாம். அப்புறம் குதித்தாலும் தரை தொடாது, ஆனால் சும்மா படுத்தாலே முதுகு வலிக்கும். இறக்கிய வண்டிகளில் நடக்கிற தகராறு பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கும். இடம் போதாமல் அடியில் மோதும், அல்லது மோதாமலிருக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கியதால் எப்போதும் குலுங்கும்.

## எந்த உறுப்புக்கு என்ன வேலை

சக்கரத்துக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன். அதில் ஸ்பிரிங்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. பிக்கப்பின் பின்பக்கம் பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டைகள் இருக்கும்: வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டு. முன்பக்கம் வண்டிக்கு வண்டி மாறும். டி-மேக்ஸ், ஹைலக்ஸில் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங். சில சிறிய சுமை வண்டிகளில் முன்னாலும் பட்டைதான். ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு பலம் தேவையோ அதுதான் ஸ்பிரிங் ரேட். ரேட் கூடினால் ஸ்பிரிங் கெட்டி, குறைந்தால் மெது.

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். பின்பக்க ஷாக் இரண்டையும் கழற்றிவிட்டு வண்டியை நிறுத்திப் பாருங்கள், உயரம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் தானாக நிற்காது, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது அந்த ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே ஷாக்கை மாற்றினால் வண்டி இறங்கிவிடும் என்பது தவறு. சில வண்டிகளில் ஷாக்கின் மேலேயே காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அங்கே ஸ்பிரிங் உட்காரும் தட்டை நகர்த்தினால் உயரம் மாறும், ஆனால் அதுவும் ஸ்பிரிங்கின் கணக்குதான்.

மூன்றாவது உறுப்பு பம்ப் ஸ்டாப். சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில், ஆக்ஸிலுக்கு (இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே போகும் அச்சு) நேர் மேலே கறுப்பாக ஒரு ரப்பர் கட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். சக்கரம் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று நிறுத்துகிற எல்லை அது. நம் கட்டிலின் தரை இதுதான். வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை சக்கரம் மேலேற இருக்கும் தூரத்தை இந்தக் கட்டுரையில் டிராவல் என்று சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது: ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அடக்கும், பம்ப் ஸ்டாப் நிறுத்தும். சவாரி சுகம் முதல் இரண்டின் பொருத்தத்திலும், மூன்றாவதைத் தொடாமல் இருப்பதிலும் இருக்கிறது.

## காலி பிக்கப் ஏன் குதிக்கிறது

இறக்காத வண்டியே காலியாகப் போகும்போது குதிக்கிறதே, அது ஏன்? பின்பக்க ஸ்பிரிங்கை ஒரு டன், ஒன்றரை டன் சுமைக்காகச் செய்திருக்கிறார்கள். காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங்கின் மேல் அதில் ஒரு பகுதி எடைதான் இருக்கும். ஒரு டன்னுக்கு நொடிந்து போகாத ஸ்பிரிங், வெறும் தொட்டிக்கு அளவுக்கு மீறிக் கெட்டி.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நிற்கும் வண்டியின் எடை ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தால், அது ஒரு வினாடியில் எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 250 மி.மீ. அமுங்கியிருந்தால் வினாடிக்கு ஒரு முறை. 100 மி.மீ. என்றால் சுமார் 1.6 முறை. 60 மி.மீ. என்றால் 2 முறை. சுகமான கார்கள் 1 முதல் 1.5 வரை ஆடும். காலி பிக்கப்பின் பின்பக்கம் 2-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழாக வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான ஆட்டத்தில்தான் அதிகம் அவதிப்படுகிறது. ஆட்டம் வேகமாக வேகமாக அந்த வரம்பை நெருங்குகிறோம். லோடு ஏற்றினால் அமுக்கம் கூடி ஆட்டம் நிதானமாகிறது. "லோடு இருந்தா வண்டி மெத்துனு போகும்" என்று ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

இன்னொன்றையும் குனிந்து பார்க்கவேண்டும். பட்டைக் கட்டின் அடியில் தடிமனாக, வளைவு குறைவாக ஒன்றிரண்டு பட்டைகள் பல வண்டிகளில் இருக்கும். ஹெல்பர் பட்டை என்பார்கள். காலி வண்டியில் மேல்பட்டைகள் மட்டும் வேலை செய்யும். லோடு ஏறி மேல்பட்டைகள் தட்டையானபின் ஹெல்பர் தொட்டு, சேர்ந்து தாங்கும். பட்டையின் வளைவைக் கண்டபடி குறைத்து இறக்கினால் காலி வண்டியிலேயே ஹெல்பர் தொட்டுவிடும். அப்போது உயரமும் போய், இருந்த கொஞ்ச மெதுவும் போய்விடும்.

காலியாக இருக்கும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கலாக நிற்பதும் இதனால்தான். லோடு ஏறினால் சமமாகட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அது கண்ணுக்கு உறுத்துகிறது என்று பின்னால் மட்டும் இறக்குகிறவர்கள் உண்டு. லோடு ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

## இறக்கும்போது உண்மையில் எது குறைகிறது

உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். காலி வண்டியில் ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே 110 மி.மீ. இருக்கிறது. வழக்கமான லோடு ஏற்றினால் வண்டி 60 மி.மீ. இறங்குகிறது. மீதி 50. ஒரு வேகத்தடைக்கோ பள்ளத்துக்கோ அந்த 50 போதும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. இறக்கியாயிற்று. காலியில் 60 மீதி, ஓட்டிப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். பட்டறைக்காரரும் சிரிப்பார், நீங்களும் சிரிப்பீர்கள். மறுநாள் லோடு ஏற்றினால் மீதி பூஜ்யம். ஆக்ஸில் ஏற்கெனவே ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. இனிமேல் சாலையில் ஒரு கூழாங்கல் ஏறினாலும் அடி நேராக சேசிஸுக்குப் போகும்.

இந்த 110, 60 எல்லாம் என் உதாரணம்தான். உங்கள் வண்டியின் எண்களை நீங்களே எடுக்கவேண்டும், அது கஷ்டமும் இல்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். காலியில் ஒரு முறை, லோடில் ஒரு முறை. அதோடு பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. பம்ப் ஸ்டாப் நுனியில் விரல் நுனியளவு கிரீஸ் தடவுங்கள். அது தொடக்கூடிய இடத்தில் ஆக்ஸிலைத் துணியால் துடைத்து, சாக்பீஸால் வெள்ளையாகத் தேயுங்கள். பிறகு நீங்கள் தினமும் போகிற வழியில், வழக்கமான லோடோடு, வழக்கமான வேகத்தில் போய்வாருங்கள். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் கதை அங்கே எழுதியிருக்கும். வெள்ளையில் கிரீஸ் கறை இல்லையென்றால் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. கறை அப்பியிருந்தால், இறக்காத வண்டியே எல்லையைத் தொடுகிறது. அதை மேலும் இறக்கிவிட்டு சுகமான சவாரியை எதிர்பார்க்கக் கூடாது. ஷாக்கின் கம்பி வெளியே தெரியும் வண்டியாக இருந்தால் அந்தக் கம்பியில் ஒரு கேபிள் டை கட்டி விடலாம். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது நகர்ந்து நிற்கும்.

சுருக்கமாக: இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெரும்பாலான முறைகளில் டிராவலிலிருந்துதான் போகிறது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்ய முடியாது.

## முன்பக்கம்: வெட்டுவதில் என்ன தப்பு

காயில் ஸ்பிரிங்கில் எத்தனை சுற்று வேலை செய்கிறதோ அதற்கு எதிர்விகிதத்தில் ரேட் இருக்கும். எட்டுச் சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், மிச்சமிருக்கும் ஏழு சுற்று முன்பைவிட சுமார் 14 சதவீதம் கெட்டி. வெட்டினால் ஸ்பிரிங் "லூசாகிவிடும்" என்று நினைப்பது நேர் தலைகீழ். 14 சதவீதம் கெட்டியாவது தப்பே இல்லை என்றுகூட வாதிடலாம், ஏனென்றால் குறைந்த டிராவலுக்குக் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் தேவைதான். ஆனால் வெட்டிய முனை தட்டையாக இருக்காது, தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் முழுக்கத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தட்டைவிட்டு விலகி, திரும்பும்போது கோணலாக உட்காரலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். பதம் போன ஸ்பிரிங் இன்று ஓர் அங்குலம் இறங்கும், அடுத்த மாதம் தானாக இன்னொன்று இறங்கும், ஒரு நாள் உடையும். சூடாக்கித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

சரியான வழி, அந்த வண்டிக்கென்றே நீளம் குறைத்து, ரேட்டைக் கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங். நல்லவை முதலில் மெதுவாக அமுங்கி, போகப்போக இறுகும்படி சுற்றப்பட்டிருக்கும். சில பழைய பிக்கப்களில் முன்னால் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி இருக்கும். அதில் ஒரு போல்ட்டைத் திருகினாலே உயரம் குறையும், ரேட் மாறாது. சுலபமாக இருப்பதால் அளவுக்கு மீறித் திருகிவிடுவார்கள். அங்கேயும் டிராவல் குறைவது குறைவதுதான்.

டிராவலைத் தொடாமல் இறக்கும் முறையும் ஒன்று உண்டு: டிராப் ஸ்பிண்டில். சக்கரத்தின் அச்சு பொருந்தும் இடத்தையே மேலே தள்ளிச் செய்த உறுப்பு அது. ஸ்பிரிங், ஆர்ம், ஷாக் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் மேலே போகிறது. சவாரி அப்படியே இருக்கும். அமெரிக்கப் பிக்கப்களுக்கு இது சகஜம். நம்மூர் உதிரிபாகக் கடையில் போய்க் கேட்டால் உடனே எடுத்துத் தருகிற பொருள் இல்லை.

## பின்பக்கம்: பட்டைக் கட்டில் நடக்கும் விளையாட்டு

முதலில் படுத்துப் பாருங்கள், பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இது தெரியாமல் இறக்குவதற்கென்று வாங்கும் கிட் வீண். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போட்டால் வண்டி இறங்கும். பட்டை மேலே இருக்கும் வண்டியில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயரும்! அந்த அமைப்பில் ஆக்ஸிலைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பொருத்துவது ஒரு வழி. ஆனால் அதில் ஐந்தாறு அங்குலம் ஒரேயடியாக இறங்கும். அவ்வளவு டிராவல் எந்தப் பிக்கப்பிலும் உபரியாகக் கிடையாது. அதனால்தான் வெளிநாடுகளில் சேசிஸையே ஆக்ஸிலுக்கு மேலே வளைவாக வெட்டி, தகடு வைத்து பலப்படுத்துகிறார்கள். சுமை வண்டியின் சேசிஸை இங்கே யாரும் வெட்ட வேண்டாம்.

பட்டை ஒன்றை உருவிவிடுவது நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற வேலை. செலவில்லை, வண்டி இறங்கும், காலியில் மெத்தென்று ஆகவும் செய்யும். அதனால் வேலை சரியாக நடந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் உருவிய பட்டை சுமந்த எடையை மற்ற பட்டைகள் சுமக்கவேண்டும். மேல்பட்டைதான் ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கிறது. அது உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நழுவும். பிரேக் போடும்போது பலவீனமான பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்வதும் உண்டு. இனி லோடே ஏற்றமாட்டேன் என்கிறவர்கள்கூட, தாங்களே பட்டையை உருவிவிடாமல், குறைந்த சுமைக்கென்றே செய்த பட்டைக் கட்டு ஒன்றை வாங்கிப் போடுவது மேல்.

பட்டையின் பின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற துண்டின் நீளத்தை மாற்றியும் உயரத்தைக் குறைக்கலாம். ஷேக்கிளில் செய்யும் மாற்றத்தில் பாதிதான் ஆக்ஸிலில் தெரியும். சின்ன அளவுக்கு இது நல்ல வழி.

இங்கே ஒரு விஷயம். இறக்க வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது சுகம்தான். அவர்களுக்கு முதல் மருந்து பட்டை சர்வீஸ். பட்டைகள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்தால்தான் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இருக்கும். ராயக்கோட்டை வயல் சேறும் குவாரித் தூசியும் நடுவில் புகுந்து துருப்பிடித்தால் சின்ன மேடுகளில் பட்டை அசையவே அசையாது, வெறும் இரும்புத் துண்டாக நிற்கும். பட்டைக் கட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, பட்டை முனைகளில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் பேடுகளை மாற்றி, கிராஃபைட் கிரீஸ் பூசிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றுவது வேண்டாம். தூசியை இன்னும் இழுக்கும், ரப்பர் புஷ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

## ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும் கூடவே மாறவேண்டும்

வண்டி 50 மி.மீ. இறங்கினால் ஷாக்கும் நிரந்தரமாக அவ்வளவு அமுங்கி நிற்கிறது. பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் உள்ளே முட்டினால் அதன் சீல், மேல் பிடிமானம் இரண்டும் சீக்கிரம் போகும். ஜாக்கி வைத்து ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை தூக்கிப் பார்த்து, அந்த நிலையிலும் ஷாக்குக்கு இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். இல்லையென்றால் குட்டையான ஷாக், அல்லது ஷாக்கின் பிடிமானத்தை இடம் மாற்றும் பிராக்கெட். ஸ்பிரிங் கெட்டியாகியிருந்தால் அது திரும்பி விரிகிற வேகத்தை அடக்கும் பலமும் புதிய ஷாக்குக்கு இருக்கவேண்டும். பழைய ஷாக் அதற்குத் திணறும், வண்டி துள்ளிக்கொண்டே போகும்.

பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக அறுத்து இடம் சேர்ப்பது பலர் செய்வது. ஓரளவு வேலை செய்யும், ஆனால் மோதும்போது முன்பைவிடப் பலமாக மோதும். கெட்டி ரப்பருக்குப் பதிலாக, நுரைபோன்ற பாலியூரிதேனில் செய்த மெதுவான பம்ப் ஸ்டாப் கிடைக்கிறது. அது சீக்கிரமே தொட்டு, படிப்படியாக இறுகி நிறுத்தும். ஒரு சின்ன ஸ்பிரிங் கூடுதலாகச் சேர்த்த பலன். இறக்கிய வண்டியில் நான் முதலில் காசு செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான்.

காசு தாராளமாக இருக்கிறவர்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது. காற்றுப் பையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து உயரத்தை மாற்றலாம். லோடுக்குத் தகுந்தபடி காற்று ஏற்றும்போது ரேட்டும் சேர்ந்தே கூடுவதால் காலியிலும் லோடிலும் ஆட்டத்தின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நிறுத்தும்போது தரையோடு தரையாக இறக்கி, ஓட்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். இறக்கிய நிலையிலேயே ஓட்டினால் டிராவல் பூஜ்யம், அப்போது ஏர் சஸ்பென்ஷனும் காப்பாற்றாது.

## பிரேக்கோடு இணைந்த அந்தச் சின்னக் கம்பி

உயரத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகிற, ஆனால் உயிரோடு விளையாடுகிற பகுதி இது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து சேசிஸுக்கு ஒல்லியாக ஒரு கம்பி போகும். அது எல்.எஸ்.பி.வி. என்ற வால்வோடு இணைந்திருக்கும். சேசிஸ் ஆக்ஸிலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை வைத்து, லோடு எவ்வளவு என்று கணித்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை இந்த வால்வு கூட்டிக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் லேசாக இருப்பதால் அழுத்தம் குறைவாகப் போகவேண்டும்.

வண்டியை இறக்கிவிட்டு இந்தக் கம்பியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சேசிஸ் தாழ்ந்திருப்பதைப் பார்த்து, லோடு இருக்கிறது என்று வால்வு முடிவு செய்யும். காலி வண்டிக்கு லோடு வண்டியின் பிரேக் அழுத்தம் போகும். மழை ஈரத்தில் திடீரென்று பிரேக் அடித்தால் பின் சக்கரம் பூட்டி, பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது இது நடந்தால் என்னவாகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பியையோ பிராக்கெட்டையோ சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மறுபடி அமைக்கவேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா" என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையே கொடுக்க வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இறங்கினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும், அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறுவதால் மேட்டில் ஏறும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கலாம். பின் ஆக்ஸிலின் கோணம் மாறினால், இஞ்சின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸ் வேகத்தில் அதிரும், அதற்கு ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யவேண்டும். பெரிய ரிம், ஒல்லி டயர் போட்டால் இறக்கியதில் காப்பாற்றிய சுகமெல்லாம் டயரில் போய்விடும்.

## அப்போ எவ்வளவு இறக்கலாம்

தினமும் லோடு அடிக்கிற வண்டியை இறக்காதீர்கள் என்பதே என் கருத்து. தளம் தாழ்வாக வேண்டுமென்றால் தாழ்வான தளத்தோடு தயாராகி வரும் சிறிய வண்டியைப் பார்க்கலாம். ஏற்றும் இடத்தில் மேடை கட்டிக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவு. சொந்த உபயோக வண்டிக்கு, பொருத்தமான ஸ்பிரிங், குட்டை ஷாக், நல்ல பம்ப் ஸ்டாப் மூன்றும் சேர்ந்தால் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை சுகம் கெடாமல் இறக்க முடியும். இரண்டு அங்குலம் என்பது கிரீஸ் சோதனையில் தாராளமாக இடம் மிச்சம் காட்டிய வண்டிக்கு மட்டும். அதற்கு மேல் கேட்பவர்கள் சவாரி சுகத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது.

சாலையையும் யோசிக்கவேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கவேண்டும். நான்குவழிச் சாலையை விட்டுக் கிராமத்துக்குள் திரும்பினால் அந்த அளவு எங்கே இருக்கிறது? குட்டையான அகலத்தில் முதுகு உயர்ந்த வேகத்தடைகள்தான். முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் ஏறும் முன், வண்டியின் நடு வயிறு அதில் உரசும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் மண் பாதையில் போகிறவர்கள் இதற்காகவே யோசிக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் உறுப்புகளைப் பொருத்தி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எப்.சி. நேரத்தில் கேள்வி நிச்சயம் வரும்.

## வேலை முடிந்த பிறகு

கழற்றிய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதியவை போடச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கியவை நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி பிடிக்காது. புதியவையும் பட்டை படிந்தபின் கொஞ்சம் தளரும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கவேண்டும். புது ஸ்பிரிங்கும் அந்த ஓட்டத்தில் இன்னும் சில மில்லிமீட்டர் படியும். கடைசி அலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்ப்பு, எல்.எஸ்.பி.வி. கம்பி அளவு மூன்றையும் அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மட்கார்டு அளவை நான்கு மூலையிலும் மறுபடி எடுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், வண்டியை அப்போதே பட்டறைக்குத் திருப்பி விடுங்கள். அளவு சரியாக இருந்தால் பம்ப் ஸ்டாப்பில் கிரீஸ் தடவி, பழைய வழியிலேயே ஒரு முறை போய்வாருங்கள்.